பர்த்தலோமேயு சீகன்பால்கு: தரங்கம்பாடியில் தமிழ் கற்ற மிஷனரி

பர்த்தலோமேயு சீகன்பால்கு (ஜூலை 10, 1682 – பிப்ரவரி 23, 1719) ஜெர்மனியில் பிறந்து, டென்மார்க் அரசரால் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட லூத்தரன் சபை மிஷனரி. இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இருவரில் ஒருவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டவர். தமிழ் இலக்கண நூலும் தமிழ்ச் சுவடிகளின் பட்டியலும் எழுதியவர். தமிழ் மக்களின் சமயம், பழக்கவழக்கம், நீதிநூல்கள் பற்றி ஐரோப்பியருக்கு விரிவாக எழுதியவர்களில் முன்னோடி. 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார்.

மக்களின் சமயத்தை மாற்றும் நோக்கத்தோடு வந்த ஒருவர், அந்த மக்களின் நூல்களைப் படிக்கப் படிக்க அவர்களைப் பற்றிய தம் கருத்தையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அவருடைய வாழ்க்கையை இன்றும் படிக்கவேண்டியதற்கு இதுவே முதற்காரணம்.

பிறப்பு, கல்வி

சீகன்பால்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலம் குன்றியவராகவே வளர்ந்தார். ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் இறையியலாளரிடம் பயின்றார். ஃபிராங்கே அங்கே ஆதரவற்றோர் இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் ஆகியவற்றை நடத்தி வந்தார். சமய வாழ்வும் கல்விப்பணியும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்ற எண்ணம் சீகன்பால்குவுக்கு அங்கேதான் உண்டாயிற்று.

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக், தம் ஆட்சிக்கு உட்பட்ட கடல்கடந்த பகுதிகளுக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். தகுந்தவர்கள் டென்மார்க்கில் கிடைக்கவில்லை. எனவே ஜெர்மானியர்களான சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் 1705 நவம்பர் இறுதியில் 'சோஃபியா ஹெட்விக்' என்னும் கப்பலில் புறப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர்.

அன்றைய தரங்கம்பாடி

தரங்கம்பாடி கொள்ளிடத்துக்குத் தெற்கே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள கடற்கரை ஊர். 1620 இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டென்மார்க்கினர் இவ்வூரைக் குத்தகைக்குப் பெற்று, டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். சீகன்பால்கு வந்தபோது தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்தது. கோட்டைக்குள் டேனியக் கம்பெனியின் அதிகாரம். சுற்றிலும் தமிழ்ச் சிற்றூர்கள். ஊருக்குள் தமிழர்களோடு போர்ச்சுகீசிய வழியினரும் முஸ்லிம் வணிகர்களும் வாழ்ந்தனர்.

கம்பெனிக்கு வேண்டியது மிளகும் துணியும்தான். மிஷனரிகள் உள்ளூர் மக்களோடு பழகினால் வாணிகம் கெடும் என்று அதிகாரிகள் அஞ்சினர். கவர்னர் ஹாசியுஸ் அரசரின் ஆணையைக் கண்ட பிறகும் இருவரையும் வரவேற்கவில்லை. கரையிறங்கிய நாளிலேயே தங்க இடமின்றித் தெருவில் காத்து நிற்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. அன்று தொடங்கிய பகை பல ஆண்டுகள் நீடித்தது.

மணலில் எழுதிக் கற்றல்

கம்பெனி ஊழியர்கள் உள்ளூர் மக்களோடு உடைந்த போர்ச்சுகீசிய மொழியில் பேசியே காலம் கழித்தனர். சீகன்பால்குவும் முதலில் அம்மொழியைக் கற்றார். ஆனால் ஊர்மக்களின் மனத்தை அறிய அது போதாது என்று விரைவில் உணர்ந்தார்.

அக்காலத்தில் தமிழ் கற்க அச்சிட்ட பாடநூலோ அகராதியோ அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்தி வந்த முதிய வாத்தியார் ஒருவரைக் கண்டு, பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்துமாறு கேட்டுக்கொண்டார். வாத்தியாருக்கு வயது ஏறத்தாழ 70. பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். 24 வயதான மிஷனரியும் அவர்களோடு அமர்ந்து 'அ', 'ஆ' எழுதினார்.

எழுத்து தெரிந்தது, பொருள் தெரியவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. இந்தக் குறையை நீக்கியவர் அழகப்பன். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவருக்கு ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். அவர் உதவியால் சொற்களின் பொருளையும் வாக்கிய அமைப்பையும் சீகன்பால்கு கற்றுக்கொண்டார்.

அடுத்த தடை ஓலைச்சுவடி. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். தமிழறிந்தவர்களே தடுமாறும் இந்த எழுத்தைப் படிக்க அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். காலையில் முன்பு கற்ற சொற்களைத் திரும்பப் படிப்பார். எட்டு மணிமுதல் நண்பகல்வரை தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் பொருள் சொல்வார்; எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்புத் தொடரும். இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, வேறொருவர் படிக்க இவர் கேட்பார்.

சுவடிகளும் நீதிநூல்களும்

சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தம் எழுத்தர்களைப் பல ஊர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன பிராமணர்களின் வீட்டுப் பெண்களிடமிருந்தும் சுவடிகள் விலைக்கு வாங்கப்பட்டன. 1708 இல் தம்மிடம் சேர்ந்தவற்றைக் குறிப்புகளோடு பட்டியலிட்டார். இலத்தீனில் 'மலபார் நூலகம்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு இடப்பட்டது. அன்றைய ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே அழைத்தனர்.

நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இதில் இடம்பெற்றுள்ளன. தொல்காப்பியம், திருக்குறள் முதலியவை பற்றிய குறிப்புகளும் உண்டு. உ. வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடிப் பயணம் செய்ததற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் முன்பே, கடற்கரைப் பகுதியில் மக்கள் எந்த நூல்களைப் படித்தனர் என்பதை இப்பட்டியல் பதிவு செய்துவிட்டது.

அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர் ஒழுக்கநெறி அறியாதவர் என்ற ஐரோப்பியரின் எண்ணம் தவறு என்று காட்டுவதே இதன் நோக்கம். தாமும் முதலில் அப்படித்தான் எண்ணியதாகவும், நூல்களைப் படித்த பிறகு கருத்து மாறியதாகவும் அவர் எழுதியுள்ளார்.

இந்த மாற்றம் உடனே வந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் ஒரு கிராமக் கோயிலில் இருந்த மண் சிலைகள் சிலவற்றைத் தள்ளி உடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதைக் கண்ட உள்ளூர் வாத்தியார் ஒருவர், அவை கடவுளர் அல்ல, கடவுளின் காவல்வீரர்கள் என்று விளக்கினார். அறியாமையால் செய்த இச்செயல் அவர் வாழ்க்கையில் ஒரு களங்கம். பின்னாளில் சிலைகளை உடைப்பதைவிட அவற்றின் பொருளைக் கேட்டு அறிவதிலேயே அவர் கருத்துச் செலுத்தினார்.

சிறைவாசம்

1707 மே மாதத்தில் டேனியர்களிடம் அடிமைகளாக இருந்த ஐந்து பேர் முதலில் ஞானஸ்நானம் பெற்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் 'புதிய எருசலேம்' என்னும் சிறு தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. பள்ளிகளும் தொடங்கப்பட்டன. பெண் குழந்தைகளுக்கும் அவற்றில் இடம் இருந்தது.

ஏழைகளும் அடிமைகளும் மிஷனரியிடம் முறையிடத் தொடங்கியதும் கவர்னரின் சினம் மிகுந்தது. 1708 இல் ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவள் பக்கம் நின்று கவர்னருக்கு எழுதினார். இது கலகம் தூண்டும் செயல் என்று ஹாசியுஸ் கருதினார். நவம்பரில் சீகன்பால்கு கைது செய்யப்பட்டு டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். சிறைவாசம் நான்கு மாதம் நீடித்தது. 1709 மார்ச்சில் விடுதலை பெற்றார்.

மிஷனரிகள் எல்லோரும் ஆட்சியாளரின் கையாட்களாகவே வந்தனர் என்று சிலர் கூறுவர். அரசரின் ஆணையோடு, கம்பெனியின் கப்பலில்தான் சீகன்பால்கு வந்தார் என்பது உண்மை. அதே கம்பெனி அவரைச் சிறையில் அடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்கால நிலை விளங்கும்.

தமிழர் எழுதிய கடிதங்கள்

1709 இல் யோஹான் எர்ன்ஸ்ட் குருண்ட்லர் என்பவர் உதவிக்கு வந்தார். தமிழ் மருத்துவத்தில் ஆர்வம் கொண்டு அதைப் பற்றி எழுதியவர் அவர். 1712 முதல் 1714 வரை இருவரும் படித்த தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினர். கடவுள் கொள்கை, வழிபாடு, திருமணம், கல்வி, மருத்துவம் எனப் பல பொருள் பற்றிக் கேட்டனர். வந்த விடைகளில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சிடப்பட்டன. எழுதியவர்களில் அழகப்பனும் ஒருவர் என்பது ஆய்வாளர் கருத்து.

தமிழர்கள் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்பதில்லை என்ற கேள்விக்கு வந்த விடைகள் வெளிப்படையானவை. ஐரோப்பியர் குடிக்கின்றனர், மாட்டிறைச்சி உண்கின்றனர், உடல் தூய்மை பேணுவதில்லை, எளியவர்களைக் கொடுமைப்படுத்துகின்றனர். இத்தகையோரின் சமயம் எப்படி உயர்ந்ததாகும் என்று சிலர் கேட்டனர். இக்குற்றச்சாட்டுகளை மறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பியது குறிப்பிடத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரண தமிழர்கள் ஐரோப்பியரைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதை அறிய இக்கடிதங்கள் அரிய சான்றுகள்.

அச்சிடப்படாத நூல்

1711 இல் தென்னிந்திய மக்களின் சமயம் பற்றியும், 1713 இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு பற்றியும் சீகன்பால்கு ஜெர்மனில் இரு பெரிய நூல்களை எழுதினார். சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்களோடு ஐயனார், மாரியம்மன் போன்ற ஊர்த்தெய்வங்களைப் பற்றியும் இரண்டாம் நூலில் விரிவாகச் சொன்னார். தமிழர்கள் எழுதிய கடிதங்களே அதற்கு முதன்மை ஆதாரம்.

கைப்பிரதி ஹாலேவுக்குச் சென்றது. ஃபிராங்கே அதை அச்சிட மறுத்தார். பிற சமயங்களை ஒழிக்கவே மிஷனரிகள் அனுப்பப்பட்டனர், அவற்றின் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கருத்து. தம் மாணவனின் உழைப்பை ஆசிரியரே ஒதுக்கி வைத்தார்.

தெய்வங்களின் வரலாறு 1867 இல்தான், வில்ஹெல்ம் ஜெர்மான் என்பவரால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியதும் அதே 1867 இல்தான் என்பதைக் கொண்டு இக்கால இடைவெளியை மாணவர்கள் நினைவிற்கொள்ளலாம். 1711 இல் எழுதிய நூல் அச்சேற 1926 வரை காத்திருந்தது. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 இல் வெளிவந்தன.

அச்சுக்கூடம்

இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் தம்பிரான் வணக்கம். 1578 இல் கொல்லத்தில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார் அதை வெளியிட்டார். எனவே முதல் தமிழ் அச்சாளர் சீகன்பால்கு என்று சொல்வது பிழை. ஆனால் இடையில் தமிழ் அச்சுப்பணி நின்று போயிருந்தது. அதை மீண்டும் தொடங்கித் தொடர்ந்து நடத்திய இடம் தரங்கம்பாடி.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சுப்பொறி ஒன்றை அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. உடன் வந்த அச்சாளர் பயணத்திலேயே இறந்தார். பொறி மட்டும் 1712 இல் வந்து சேர்ந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை முழுதும் அச்சிடக் காகிதம் போதாது. எனவே யோஹான் கோட்லிப் ஆட்லர் என்னும் தொழில்வல்லுநர் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்த்தார். பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையும் அமைக்கப்பட்டது.

சீகன்பால்கு 1708 இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 இல் நிறைவுற்றிருந்தது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714 இல் வெளிவந்தன. 1715 இல் முழு நூலும் முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம்வரை அவர் மொழிபெயர்த்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

இம்மொழிபெயர்ப்பின் நடை கரடுமுரடானது. பேச்சு வழக்கும் ஏட்டு வழக்கும் கலந்திருக்கும். அவர் காலத்தவரான வீரமாமுனிவர் இத்தமிழைக் குறைகூறினார். வீரமாமுனிவர் புலவர் நடையில் தேர்ந்தவர். சீகன்பால்கு தெருவில் பேசும் மக்களுக்குப் புரியவேண்டும் என்று எழுதியவர். இருவரின் நோக்கமும் வேறு என்பதை மனத்தில் கொண்டு மதிப்பிடுவதே முறை.

ஐரோப்பியப் பயணமும் இறுதி ஆண்டுகளும்

1714 இறுதியில் சீகன்பால்கு ஐரோப்பா புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலிலேயே இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் எழுதும் பணி நடந்தது. அந்நூல் 1716 இல் ஹாலேயில் அச்சாயிற்று.  அதன் தலைப்பில் தமிழ் என்ற பெயர் இலத்தீன் வடிவில் இருந்தது. ஐரோப்பாவில் மரியா டொரத்தியா என்பவரை மணந்து, 1716 இல் திரும்பினார். ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்கப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றும் தரங்கம்பாடியில் உள்ள புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டி 1718 இல் திறந்தார்.

கடைசித் துன்பம் பகைவர்களிடமிருந்து வரவில்லை. கோபன்ஹேகனில் மிஷன் குழுவின் செயலாளராக இருந்த வெண்ட் என்பவர், மிஷனரி ஊர் ஊராக நடந்து போதிக்க வேண்டுமே தவிர, பள்ளியும் கட்டடமும் எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். பணம் தடைப்பட்டது. கடுமையான கண்டனக் கடிதமும் வந்தது. நோயுற்றிருந்த சீகன்பால்கு மனம் உடைந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று இறந்து, தாம் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். குருண்ட்லர் அடுத்த ஆண்டே இறந்தார்.

கடலூர்த் தொடர்பு

கடலூர் அப்போது ஆங்கிலேயக் கம்பெனியிடம் இருந்தது. 1717 இல் அங்கே தரங்கம்பாடி மிஷன் சார்பில் இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது.

கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்னும் இளைஞர் 1718 இல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்று பெயர் பெற்றார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்த இவர், 1733 டிசம்பர் 28 அன்று போதகராக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் இவரே. 1745 இல் இறந்தார்.

இந்நியமனத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தஞ்சைப் பகுதியில் சிறப்பாகப் பணியாற்றிய இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரின் பெயரும் அப்போது எண்ணிப் பார்க்கப்பட்டது. அவர் பறையர் குலத்தவர். பிற சாதியினர் அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவர் என்று கருதி, வேளாளரான ஆரோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கமும் இருந்தது. சமயம் மாறியும் சாதி மாறவில்லை. மிஷன் தன் போதனைக்கு மாறாக இதற்கு இணங்கிப்போனது அதன் பெருங்குறை.

1737 இல் கடலூரில் தனி மிஷன் அமைந்தது. 1740 முதல் சுவீடன் நாட்டவரான கியர்நாண்டர் அங்கே பணிபுரிந்தார். பின்னாளில் தஞ்சையில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் 1750 இல் கப்பலிலிருந்து இறங்கியது கடலூரில்தான். 1758 இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைக் கைப்பற்றியதும் கியர்நாண்டர் ஊரைவிட்டு வெளியேறிக் கல்கத்தா சென்றார்.

மதிப்பீடு

சீகன்பால்கு தம் சமயமே உண்மையானது என்று இறுதிவரை நம்பினார். அவர் எழுத்துகளில் பிற சமயங்களைத் தாழ்த்தும் சொற்கள் உண்டு. அவரைச் சமரச நோக்கினராகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் தாம் மறுக்க வந்த கருத்தை முதலில் அதை நம்புவோரின் வாயால் கேட்கவேண்டும், அவர்களின் நூல்களில் படிக்கவேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. அதனாலேயே அவரை அனுப்பியவர்களுக்கு அவர்மீது ஐயம் ஏற்பட்டது.

அவர் பெயரோடு நினைக்கப்படவேண்டிய வேறு சிலரும் உள்ளனர். எழுத்துச் சொல்லிக்கொடுத்த முதிய வாத்தியார், பொருள் சொன்ன அழகப்பன், இலக்கணம் எழுத உதவிய மலையப்பன், 1709 இல் ஞானஸ்நானம் பெற்றுச் சொந்தக் குடும்பத்தின் எதிர்ப்பைத் தாங்கிய கணபதி வாத்தியார், கடிதம் எழுதிய பெயர் தெரியாத தமிழர்கள் ஆகியோர் இல்லாமல் அவருடைய நூல் ஒன்றுகூட உருவாகியிருக்காது.

டென்மார்க் 1845 இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. டான்ஸ்பர்க் கோட்டையும் புதிய எருசலேம் தேவாலயமும் இன்றும் உள்ளன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற ஓலைச்சுவடிகளும் கடிதங்களும் ஹாலேயில் ஃபிராங்கே நிறுவிய கல்வி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒருகாலத்தில் அச்சிடத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட அவருடைய கைப்பிரதிகள், இப்போது 300 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர் வாழ்வை அறிய ஆய்வாளர்கள் தேடிச் செல்லும் ஆவணங்களாகிவிட்டன.